பாறு கழுகுகளும் ஒரு வலிநிவாரணியும்: பாதியில் விடப்படும் ஒரு வழக்கு

பறவைகள், இயற்கைப் பாதுகாப்பு பற்றி இணையவழியில் நடக்கும் பொது உரைகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. செத்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன, அவை மாட்டுக்குப் போட்ட ஒரு வலிநிவாரணியால் செத்து மடிந்தன, 2006-இல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள், இப்போது கூண்டில் வளர்த்து வெளியே விடுகிறார்கள். ஒரு மணி நேர உரையில் இதற்குப் பத்து நிமிடம், நாலைந்து படங்கள், அப்புறம் அடுத்த பறவை. சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்க ஆன வருடங்களும், தடை வந்தபிறகு இன்றுவரை நீளும் இழுபறியும் இதில் அப்படியே விழுந்துவிடுகின்றன. அவை விழுந்துவிட்டால், கேட்பவர் இது ஏதோ முடிந்துபோன விஷயம் என்று நினைத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடுகிறார். அதனால் முழு வழக்கையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் கொலையாளியைக் கண்டுபிடித்தது மாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்ட ஒரு கேள்வி. தடை ஏன் பலிக்கவில்லை என்று தெரியவந்ததும் மருந்துக் கடையில்தான். நம் உரைகளோ இன்னும் பறவை ஆர்வலர்களிடமே பேசிக்கொண்டிருக்கின்றன.

எண்ணாமல் விடப்பட்ட பறவை

1980களில் வட இந்தியாவில் பாறுகளில் ஒரு வகையான வெண்முதுகுப் பாறு எவ்வளவு சாதாரணம் என்றால், உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் உள்ள பெரிய கழுகினப் பறவை இதுவாகத்தான் இருக்கும் என்று 1985-இல் ஒரு ஆய்வாளர் எழுதினார். மாடு செத்தால் தோலை உரித்துக்கொண்டு உடலை ஊருக்கு வெளியே போட்டுவிடுவார்கள், பாறுகள் கூட்டமாக இறங்கிச் சதையைத் தின்றுவிடும், மிஞ்சிய எலும்பைப் பொறுக்கி விற்க ஆள் வருவார்கள். ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூடுதான் மிச்சம். கோடிக்கணக்கான மாடுகளும் எருமைகளும் உள்ள ஒரு நாட்டில், யாரும் சம்பளம் கொடுக்காமல் நடந்த துப்புரவு வேலை இது.

தமிழ்நாட்டிலும் பல இடங்களில் இவை இருந்தன. திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் வந்து உணவு வாங்கிப்போன இரண்டு பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் இறுதியோடு அந்த வருகை நின்றுவிட்டது.

எங்கும் இருக்கும் பறவையை யாரும் எண்ணுவதில்லை. அரிய பறவையை எண்ணுவார்கள், காக்கையை எண்ண மாட்டார்கள். இதில் நம் அதிர்ஷ்டம், ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980களில் கழுகினப் பறவைகளை ஆராய்ந்தபோது பாறுகளின் கூடுகளையும் சேர்த்து எண்ணி வைத்திருந்தார். 1990களின் நடுவில் அவர் மறுபடி அங்கே எண்ணியபோது பாதிக்கு மேல் காணவில்லை. மரத்திலும் மரத்தடியிலும் செத்த பறவைகள். உயிரோடு இருந்தவையும் கழுத்தைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்தன, கொஞ்ச நாளில் அவையும் விழுந்தன. ஒரு சில வருடங்களில் அந்தப் பூங்காவில் வெண்முதுகுப் பாறின் கூடு என்று ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் 1999-இல் இதை ஆய்விதழில் வெளியிட்டார்.

ஒரு பூங்காவில் குறைந்தால் அது அந்தப் பூங்காவின் பிரச்சினையாக இருக்கலாம். நாடு முழுக்கவா என்று சொல்ல இன்னொரு பழைய கணக்கு வேண்டும், அதுவும் இருந்தது. 1991 முதல் 1993 வரை வட, மத்திய, மேற்கு, கிழக்கு இந்தியாவில் சாலை வழியே வண்டியில் போய்க் கழுகினப் பறவைகளை எண்ணியிருந்தார்கள். அதே சாலைகளில் 2000-இல் மறுபடி போனார்கள், பிறகு 2002, 2003, 2007. முதல் கணக்கோடு ஒப்பிட்டால் 2007-க்குள் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயிரம் பறவை இருந்த இடத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறும், அதன் நெருங்கிய உறவான மெல்லிய அலகுப் பாறும் சேர்ந்து ஏறக்குறைய 97 விழுக்காடு குறைந்திருந்தன. இந்த மூன்று இனங்களையும் 2000-இலேயே உலக அளவில் மிக அருகிவிட்டவை என்று சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

உரைகளில் இந்த விழுக்காடு மட்டும் திரையில் பெரிய எழுத்தில் வரும். அந்த விழுக்காட்டைச் சொல்லவே முடிந்தது 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் சாதாரணப் பறவையை உட்கார்ந்து எண்ணிய சிலரால்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் மறுநாள் காலை மைனாவையும் புறாவையும் குறித்துவைப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். பறவை ஆர்வலர்களிடம் பேசும்போது நான் அழுத்திச் சொல்லும் இடம் இது.

சந்தேகப் பட்டியல்

எதனால் சாகின்றன? சாப்பாடு இல்லாமலா? இல்லை, செத்த மாடுகள் தின்ன ஆளில்லாமல் குவிந்து கிடந்தன, நாய்கள் அவற்றைச் சுற்றிப் பெருகிக்கொண்டிருந்தன. பூச்சிக்கொல்லியா? நியாயமான சந்தேகம்தான், டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வேறு நாடுகளில் கழுகுகளைப் பெருமளவில் அழித்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் செத்த பறவைகளின் உடலில் உயிரைக் குடிக்கும் அளவுக்கு அது கிடைக்கவில்லை.

ஆகவே தொற்றுநோய் என்ற முடிவை நோக்கிப் பலரும் நகர்ந்தார்கள். இன்று பார்த்தால் வியப்பாக இருக்கலாம், அன்று கையில் இருந்ததை வைத்துப் பார்த்தால் அது அறிவான ஊகமே. வேகமாகப் பரவுகிறது, நெருங்கிய உறவுள்ள இனங்களை மட்டும் தாக்குகிறது, பறவை சோர்ந்து கழுத்தைத் தொங்கவிட்டுச் சாகிறது. ஏதோ புது வைரஸ் என்று நினைத்துப் பிரிட்டன், ஆஸ்திரேலிய ஆய்வகங்கள் வரை தேடினார்கள். இந்த வைரஸ் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பறந்துபோய்விடுமோ என்ற பயமும் இருந்தது. ஹரியானாவின் பிஞ்சோரில் 2001-இல் தொடங்கிய மையம்கூட முதலில் நோயுற்ற பாறுகளைக் கவனிக்கவும் நோயை ஆராயவும் வந்ததுதான். பின்னாளில் அதுவே கூண்டினப்பெருக்க மையமாக மாறியது.

இணைய உரைகளின் கேள்வி நேரத்தில் இன்றும் தவறாமல் வரும் ஒரு சந்தேகம் கைபேசிக் கோபுரம். இதற்குப் பதில் சொல்லும்போது சிலர் லேசாகக் கடந்துவிடுகிறார்கள், அப்படிச் செய்யக்கூடாது என்பது என் எண்ணம், ஏனென்றால் கேட்டவர் நிஜமான கவலையோடுதான் கேட்கிறார். தேதியை வைத்தே பதில் சொல்லலாம். இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலையில். அப்போதே பரத்பூரில் சரிவு தொடங்கியாயிற்று, கிராமப்புறத்துக்குக் கோபுரங்கள் வர இன்னும் பல வருடம் இருந்தது. அப்புறம் முக்கியமானது, செத்த பறவையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது. அதைச் சொன்னால் கோபுரக் கேள்விக்கு வேறு பதிலே தேவைப்படாது.

வெள்ளைப் பூச்சு

உள்ளே இருந்தது வெள்ளைப் பூச்சு. ஈரல், இதயம், சிறுநீரகம் என்று உறுப்புகளின்மேல் சுண்ணாம்பு தடவியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. பறவைகள் உடலின் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும், அந்த வேலை சிறுநீரகத்துடையது. சிறுநீரகம் செயலிழந்தால் அமிலம் ரத்தத்தில் ஏறி உறுப்புகளில் படியும். ஆக, பறவையைக் கொல்வது எதுவாக இருந்தாலும் அது முதலில் சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

இந்த இடத்தில்தான் பாகிஸ்தான் வருகிறது. பெரிகிரின் ஃபண்ட் என்ற அமைப்பும் பாகிஸ்தான் பறவையியலாளர்களும் பஞ்சாப் மாகாணத்தில் பாறுக் குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்துச் செத்த பறவைகளைத் தொடர்ந்து சேகரித்தார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நோய்க்குறியியல் அறிஞர் லிண்ட்சே ஓக்ஸ் இதை நடத்தினார். அறுத்துப் பார்த்த வளர்ந்த பறவைகளில் 85 விழுக்காட்டுக்கு அந்த வெள்ளைப் படிவு இருந்தது. வைரஸ், பாக்டீரியா, கன உலோகம், பூச்சிக்கொல்லி என்று வழக்கமான சந்தேகங்களை எல்லாம் சோதித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு அவர்கள் செய்த காரியம்தான் இந்த வழக்கின் திருப்பம். பறவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பறவை எதைத் தின்கிறது என்று பார்த்தார்கள். தின்பது செத்த மாட்டை. மாட்டின் உடம்புக்குள் என்ன போகிறது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய் விசாரித்தார்கள். என்னென்ன மருந்து விற்கிறீர்கள், எதெல்லாம் சமீபத்தில் வந்தது, எது அதிகம் போகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, தின்றாலும் உடலில் ஏறக்கூடியது, பரவலாகப் புழங்கத் தொடங்கிச் சில வருடமே ஆனது, இந்த மூன்றுக்கும் பொருந்திய மருந்து ஒன்றே ஒன்று: டைக்ளோஃபினாக்.

மனிதர்களுக்கு மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் 1970களில் இருந்து கொடுக்கப்படும் அதே மருந்து. காப்புரிமை முடிந்து விலை மலிந்தபின் 1990களில் கால்நடைக்கும் வந்தது. மடிநோய், காய்ச்சல், கால் நொண்டல், பிரசவத்துக்குப் பிந்தைய வலி என்று எல்லாவற்றுக்கும் ஊசி. சீக்கிரம் கேட்கும், விலையும் குறைவு. மாடு வளர்ப்பவர்கள் அதை விரும்பியதில் எந்தத் தவறும் கிடையாது. இதை உரையில் அழுத்திச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மாட்டுக்காரர் வில்லன் ஆகிவிடுவார். வலியில் துடிக்கும் மாட்டுக்கு மருந்து கொடுத்தவர் அவர், அவ்வளவே.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. வெள்ளைப் படிவோடு செத்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள், 25-லும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளைச் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. காயம்பட்டு, திரும்பப் பறக்க முடியாத நிலையில் இருந்த பாறுகளுக்கு மருந்து போட்ட கால்நடையின் இறைச்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை சில நாட்களில் அதே வெள்ளைப் படிவோடு செத்தன, மருந்தின் அளவு கூடக்கூடச் சாவும் கூடியது. அந்தச் சோதனையைப் பற்றிப் படிக்க மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இல்லாமல் எந்த அரசும் ஒரு மருந்தின்மேல் கை வைத்திருக்காது. 2003 மே மாதம் புடாபெஸ்ட்டில் நடந்த கழுகினப் பறவைகள் மாநாட்டில் இதை அறிவித்தார்கள், 2004 தொடக்கத்தில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. இந்தியாவிலும் நேபாளத்திலும் சேகரித்த பறவைகளிலும் இதே கதைதான் என்று அதே வருடம் உறுதியானது.

ஒரு விழுக்காடு போதும்

எல்லா மாட்டுக்குமா அந்த ஊசி போட்டார்கள், அப்படியிருக்க 99.9 விழுக்காடு எப்படிச் செத்தது? ரொம்ப நல்ல கேள்வி, உரைகளில் இதற்கு நேரம் ஒதுக்கினால் மிச்சமெல்லாம் தானாகப் புரியும்.

பாறு தனியாகத் தின்பதில்லை. ஒரு மாட்டின்மேல் பத்துகள், நூறுகள் என்று இறங்கும், ஆகவே ஒரு மாடு ஒரு கூட்டத்தையே கொல்லும். வெகுதூரம் பறந்து தேடும், இன்று இங்கே, நாளை அங்கே, வருடத்தில் எத்தனையோ மாடுகளைத் தொடும், அதில் ஒன்று தப்பாக இருந்தால் போதும். அடுத்தது இனப்பெருக்க வேகம். வருடத்துக்கு ஒரே முட்டை, குஞ்சு வளர்ந்து தானே கூடு கட்ட ஏறக்குறைய ஐந்து வருடம். நீண்ட காலம் வாழ்ந்து மெதுவாகப் பெருகும் பறவைக்கு, வளர்ந்தவற்றின் சாவு கொஞ்சம் கூடினாலும் கணக்கு தலைகீழாகிவிடும். இதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்ட ஆய்வாளர்கள், செத்த கால்நடைகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில் உயிர்பறிக்கும் அளவு மருந்து இருந்தாலே நாம் பார்த்த சரிவு நடந்துவிடும் என்று 2004-இல் காட்டினார்கள். அப்புறம் இந்தியாவில் பல மாநிலங்களில் செத்த மாடுகளின் ஈரலை எடுத்துச் சோதித்தபோது, சுமார் பத்து விழுக்காட்டில் டைக்ளோஃபினாக் இருந்தது. பத்து மாட்டுக்கு ஒன்று.

ஏன் அவ்வளவு? ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்ட மாட்டால் பறவைக்கு ஆபத்து இல்லை, சில நாட்களில் மருந்து உடலைவிட்டுப் போய்விடும். ஆனால் சாகக் கிடக்கும் மாட்டுக்குத்தான் கடைசி முயற்சியாக வலிநிவாரணி போடுவார்கள். அது மறுநாள் செத்தால் உடம்பு முழுக்க மருந்தோடு வெளியே போகிறது. பரிவோடு செய்த ஒரு காரியம் இப்படி முடிந்திருக்கிறது.

பாறுகள் போனபின் மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் வழக்கின் பகுதி. செத்த மாடுகளைத் தின்று நாய்கள் பெருகின, நாய்க்கடியும் வெறிநாய்க்கடி நோயும் அதோடு சேர்ந்து வரும், அழுகும் உடல்கள் நீர்நிலைகளைக் கெடுத்தன. மும்பையில் இறந்தவர் உடலைப் பாறுகளுக்கு உணவாக விடும் பார்சி மக்களின் அமைதிக் கோபுரங்களில் தலைமுறைகளாக நடந்துவந்த இறுதிச்சடங்கே தடுமாறிப்போனது. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பாறுகள் நிறைய இருந்திருக்கக்கூடிய மாவட்டங்களையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு, முதல் வகையில் மனித இறப்பு விகிதம் நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடியதாகவும், 2000 முதல் 2005 வரை ஐந்து லட்சம் கூடுதல் மரணங்கள் என்றும் மதிப்பிட்டார்கள். இந்த எண்ணை உரையில் சொல்லும்போது இது தலை எண்ணி எடுத்தது போன்ற எண்ணில்லை, மாவட்ட ஒப்பீட்டில் இருந்து வரும் மதிப்பீடு என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. சேர்த்தால் அதன் கனம் ஒன்றும் குறையாது.

தடை வந்தது, மருந்து போகவில்லை

ஒரு காரணம் உறுதியாகி இரண்டே வருடத்தில் அரசுகள் செயல்பட்டது இந்த வழக்கில் நிஜமாகவே பெருமைப்படவேண்டிய விஷயம். 2006-இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் உற்பத்தியை நிறுத்தின, 2010-இல் வங்கதேசம். இது முடிந்ததற்கு முக்கியமான காரணம் மாற்று மருந்து கையில் இருந்தது. மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணியைத் தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பாறுகளிடம் சோதித்துப் பாதுகாப்பானது என்று நிரூபித்திருந்தார்கள், அந்த முடிவு 2006 தொடக்கத்தில் வெளியானது. இதைப் போடாதே என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதற்குப் பதில் இதைப் போடு என்று சொல்ல முடிந்தது.

பெரும்பாலான உரைகள் இங்கே முடிகின்றன. வழக்கு இங்கே முடியவில்லை.

மாட்டுக்கு விற்கக்கூடாது, சரி. மனிதருக்கு விற்கலாமே? மனிதருக்கு ஒரு வேளை ஊசி 3 மில்லி. ஆனால் கடைகளில் 30 மில்லி குப்பி கிடைத்தது. ஒரு மனிதருக்கு எதற்கு 30 மில்லி? மாட்டுக்குத்தான் அது சரியான அளவு. ஆய்வாளர்கள் மாடு வளர்ப்பவர்போல் கடைக்குப் போய், மாட்டுக்கு உடம்பு சரியில்லை, மருந்து கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். தடைக்குப் பின்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கடைகளில் மனிதருக்கான டைக்ளோஃபினாக்கை எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் விடை மருந்துக் கடையில். அந்தப் பெரிய குப்பியை நிறுத்தி 3 மில்லியாக மட்டுமே விற்கவேண்டும் என்று மத்திய அரசு ஆணை போட 2015 ஜூலை ஆயிற்று. மருந்து நிறுவனங்கள் எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின, 2017-இல் நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது. இந்தத் தீர்ப்பு நம் ஊரில் நடந்தது, தமிழில் நடக்கும் உரைகளில் இதைச் சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு.

அப்புறம் மற்ற மருந்துகள். கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்று 2009-இலேயே தெரிந்துவிட்டது. அசிக்ளோஃபினாக் என்று ஒன்று, அது மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது, அதாவது தடை செய்த மருந்தை வேறு பெயரில் விற்பதற்குச் சமம். கால்நடைக்கு இந்த இரண்டையும் இந்தியா தடை செய்தது 2023 ஜூலை 31-இல். பதினான்கு வருடம். நிமிசுலைடு தடை 2024 டிசம்பர் கடைசியில். ஒவ்வொரு மருந்துக்கும் இதே சுற்று: முதலில் சந்தையில் வரும், பறவை சாகும், யாராவது பிணத்தை எடுத்து ஆராய்வார்கள், கட்டுரை வரும், மனு போகும், தடை வரும். புதிய வலிநிவாரணி எதுவும் கால்நடைச் சந்தைக்கு வருமுன்பே பாறுகளுக்கு அதனால் ஆபத்து உண்டா என்று சோதிக்கவேண்டும் என்ற விதி வராதவரை இந்தச் சுற்று ஓயாது. ஐரோப்பாவும் இதில் பாடம் படிக்கவில்லை. ஆசியாவில் இத்தனை நடந்தபிறகு, 2013-இல் ஸ்பெயின் கால்நடைக்கு டைக்ளோஃபினாக்கை அனுமதித்தது. டைக்ளோஃபினாக்கால் அங்கே ஒரு பாறு செத்ததை 2021-இல் உறுதி செய்தார்கள்.

மோயாற்றங்கரை

தென்னிந்தியாவில் பாறுகள் தாக்குப்பிடித்து நிற்கும் முக்கியமான இடம் மோயாற்றுப் பள்ளத்தாக்கு. முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்கு இடையே ஓடும் அந்த ஆற்றோரம் உயர்ந்த நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. செந்தலைப் பாறும் கருங்கழுத்துப் பாறும் அங்கே உண்டு. புலியும் செந்நாயும் கொன்று மிச்சம் வைத்தது அங்கே கிடைக்கும், ஊசி போடாத இறைச்சி. பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. அருளகம் போன்ற அமைப்புகள் அங்கே சுற்றியுள்ள ஊர்களில் வருடக்கணக்காக மாட்டுக்காரர்களிடமும் மருந்துக் கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் போய்ப் பேசிவருகின்றன, தமிழ்நாடு அரசு 2022-இல் பாறுகளுக்கென்றே மாநில அளவில் ஒரு குழு அமைத்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பறவைகள், 2025-இல் 390. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. எண்ணிய இடங்களும் ஆட்களும் கூடியதால் வந்த உயர்வு இதில் எவ்வளவு, பறவை பெருகியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இன்னும் சில வருடக் கணக்கு வேண்டும். வலிநிவாரணி ஒன்றே ஆபத்தும் கிடையாது. மாட்டைப் புலி அடித்த கோபத்தில் மிச்ச உடலில் விஷம் வைத்தால், புலிக்கு வைத்தது பாறுக்கூட்டத்தின் தலையில் விடியும்.

கூண்டினப்பெருக்கம் பற்றி எல்லா உரைகளிலும் விரிவாகவே வருவதால் நான் சுருக்கமாக முடிக்கிறேன்: பிஞ்சோர், மேற்கு வங்கத்தின் ராஜாபட்காவா, அசாமின் ராணி, போபால் ஆகிய இடங்களில் மையங்கள், 2020-இல் பிஞ்சோரில் இருந்து வெண்முதுகுப் பாறுகளை வெளியே விட்டார்கள். வெளியே விட்ட பறவை தின்னப்போவதும் ஊர் எல்லையில் கிடக்கும் மாட்டைத்தான்.

உரை யாரிடம் போகிறது

2020 ஊரடங்குக்குப் பின் இந்த இணைய உரைகள் பெருகின. மதுரையில் இருப்பவர் பிஞ்சோர்க்காரரிடம் நேராகக் கேள்வி கேட்கலாம், பதிவு செய்து வைத்தால் அடுத்த வருடமும் பார்க்கலாம், இதெல்லாம் பெரிய வரம். ஆனால் கலந்துகொள்பவர்கள் யார் என்று பார்த்தால் ஏற்கெனவே இருநோக்கி வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும். நல்ல ரசிகர்கள், பாறுகளை நேசிப்பவர்கள். அவர்களில் எத்தனை பேர் மாட்டுக்கு ஊசி வாங்கப்போகிறார்கள்? அந்த முடிவை எடுப்பவர் மாடு வளர்ப்பவர், கால்நடை மருத்துவர், மருத்துவர் இல்லாத ஊரில் ஊசி போட வருபவர், மருந்துக் கடையில் நிற்பவர், இந்த நாலு பேர். பாறு கழுகு பற்றிய அடுத்த உரைக்கு அழைப்பு கால்நடைக் கல்லூரி மாணவர்கள், பால் கூட்டுறவுச் சங்கங்கள், மருந்து வணிகர் சங்கங்கள் பக்கம் போகவேண்டும், நேரமும் மாலைக் கறவை முடிந்தபிறகு இருக்கவேண்டும், முழுக்கத் தமிழில் இருக்கவேண்டும். பறவையின் அறிவியல் பெயரும் குடும்பமும் அவர்களுக்குத் தேவைப்படாது. மாட்டுக்கு வலி என்றால் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது, விலை என்ன வித்தியாசம், எவ்வளவு சீக்கிரம் கேட்கும் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு கால்நடை மருத்துவர் உரையில் கூடவே இருக்கவேண்டும். பறவை ஆய்வாளர் மட்டும் போதாது.

ஆர்வலர்களுக்கும் வேலை இருக்கிறது. செத்த பாறு கழுகைக் கண்டால் புதைத்துவிடாமல், கையால் தொடாமல், உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லவேண்டும். உடலைச் சீக்கிரம் எடுத்துச் சோதித்தால்தான் எந்த மருந்து என்று தெரியும், அழுகிவிட்டால் சாட்சியும் போயிற்று. உரை நடத்துபவர்களுக்கு ஒன்று: கூடு இருக்கும் மரத்தின் படத்தை இடம் தெரியும்படி திரையில் போடாதீர்கள். பதிவு நிரந்தரமாக இணையத்தில் கிடக்கும், அடுத்த இனப்பெருக்கப் பருவத்தில் அந்த மரத்தடியில் கேமராவோடு கூட்டம் நிற்கும்.

கடைசிப் படமாக நன்றி என்று ஒரு பறவைப் படம் போடும் வழக்கம் இருக்கிறது. கேள்வி நேரம் முழுக்க அந்தப் படம்தான் திரையில் நிற்கும். அந்த இடத்தில் கைபேசியில் படம் பிடித்து அனுப்ப வசதியாகப் பெரிய எழுத்தில் இதைப் போடலாம்: மாட்டு வலிக்குப் பாறுகளைக் கொல்லாத மருந்துகள் மெலாக்சிகாம், டால்ஃபெனமிக் அமிலம். மாட்டுக்குத் தடை செய்யப்பட்டவை டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், நிமிசுலைடு. கடையில் வேறு பெயரில் கொடுத்தால் குப்பியைத் திருப்பிச் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.